பள்ளியை நோக்கிக் குடியேறிய ஊர்

நம் சங்கத்து வாயிலில் புதிதாக வந்து நிற்கும் குடும்பத்தார் முதன்முதல் கேட்கும் வினா யாது என்பதை நீங்கள் அறிவீர்கள். கோயில் எங்கே உள்ளது என்றோ, நல்ல காப்பித்தூள் எக்கடையில் கிடைக்கும் என்றோ அவர்கள் கேட்பதில்லை. அவையெல்லாம் இரண்டாம் வாரத்து வினாக்கள். "எந்தப் பக்கம் வீடு பார்த்தால் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி அமையும்?" என்பதே முதல் வினா. உடனே நம்மவர் நால்வர் நான்கு திசைகளைக் காட்டுவர். மாரெட்பள்ளி என்பார் ஒருவர். சைனிக்புரி என்பார் மற்றொருவர். லிங்கம்பள்ளிக்கு அப்பால் போய்விடுங்கள் என்பார் மூன்றாமவர். நான்காமவர் தம் பிள்ளை படித்த பள்ளியைத் தவிர வேறு பள்ளியே இவ்வூரில் இல்லை என்பார்.

இவ்வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. செகந்தராபாத்தில் தமிழர் எங்கே வாழ்ந்தனர், ஏன் அங்கே வாழ்ந்தனர் என்று ஆராய்ந்து செல்வோர்க்கு, ஒவ்வொரு தலைமுறையிலும் இவ்வினாவே வெவ்வேறு உருவில் எதிர்ப்படக் காணலாம். கல்லூரிப் படிப்பு வாய்க்காத ரயில்வே குமாஸ்தா நான். ஆயினும் இவ்வூரின் இருப்புப்பாதைகளையும் பழைய பள்ளிகளையும் பல்லாண்டுகளாகக் கண்டும் கேட்டும் வருபவன் என்னும் துணிவால் இதனை எழுதலானேன்.

1798-ஆம் ஆண்டில் ஐதராபாத் நிஜாம் ஆங்கிலக் கம்பெனியாருடன் துணைப்படை உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி வந்த படைகள் உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே பாளையம் இறங்கின. 1806-இல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அப்பாளையம் செகந்தராபாத் எனப் பெயர் பெற்றது. அங்கு வந்தவை பெரும்பாலும் மதராஸ் படையைச் சேர்ந்தவை. படையோடு சிப்பாய் மட்டும் வருவதில்லை. அவனுக்கு அரிசி அளப்பவர், துணி தைப்பவர், கணக்கு எழுதுபவர், கட்டடம் கட்டுபவர், குத்தகை எடுப்பவர் என ஓர் ஊரே பின்னால் வரும். முதலியார்களும் பிள்ளைகளும் நாயுடுகளும் இவ்வாறு வந்து சேர்ந்தனர். பொலாரத்தில் ஒரு பாளையம், பின்னர்த் திருமலகிரியில் ஒரு பாளையம் எனப் படைகள் வடக்கே பரவப் பரவ, நம்மவரும் உடன் பரவினர். அல்வால் பகுதியில் இன்றும் பழந்தமிழ்க் குடும்பங்கள் காணப்படுவதன் காரணம் இதுவே. அக்காலத்தில் இடம் தேரும் உரிமை நம்மவர்க்கு இருந்ததாகச் சொல்ல இயலாது. படை நின்ற இடமே வீடு நின்ற இடம்.

அவ்வுரிமை பள்ளிக்கூடத்தோடுதான் பிறந்தது. இதனை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், ஏரியின் இரு கரைகளிலும் இருவேறு ஆட்சிகள் நடந்தமையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். தென்கரையில் நிஜாமின் தலைநகர். அங்கே அரசு மொழியாக முதலில் பாரசீகமும், 1880-களில் அதனை விலக்கி உருதுவும் விளங்கின. வடகரையிலோ செகந்தராபாத். நிலம் நிஜாமுடையதாயினும் அங்கே சட்டமும் கச்சேரியும் ஆங்கில ரெசிடெண்டின் மேற்பார்வையில் நடந்தன. செகந்தராபாத்தின் குடிமக்கள் பகுதி மீண்டும் நிஜாம் ஆட்சியின்கீழ்ச் சென்றது 1945-இல்தான். ஆகவே நூறாண்டுகளுக்கு மேல் ஒரே ஏரியின் இரு கரைகளும் இருவேறு மொழிகளில் அலுவல் நடத்தின எனலாம்.

தமிழ்த் தந்தை ஒருவர் அந்நாளில் எவ்வாறு கணக்கிட்டிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் வேலூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வந்தவர். இங்கே எத்தனை ஆண்டுகள் இருப்பார் என்பது அவருக்கே தெரியாது. பையன் படிக்கும் படிப்பு, நாளை மதராஸ் மாகாணத்துக்குத் திரும்பினாலும் செல்லுபடியாக வேண்டும். நாணயத்தைப் போலப் படிப்புக்கும் செல்லும் எல்லை உண்டன்றோ? மதராஸ் பல்கலைக்கழகத்து மெட்ரிகுலேஷன் என்பது அந்நாளில் தென்னாடு முழுதும் செல்லும் நாணயம். அத்தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் ஆங்கிலப் பள்ளி எங்கே உள்ளதோ அங்கே வீடு.

அத்தகைய பள்ளி வானத்திலிருந்து இறங்கவில்லை. 1862-ஆம் ஆண்டில் பூசாரி சோமசுந்தர முதலியார் என்னும் பெருமகனார் செகந்தராபாத்தில் ஆங்கிலோ வெர்னாகுலர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆங்கிலத்தோடு தாய்மொழியையும் சேர்த்துக் கற்பிக்கும் பள்ளி என்பது அப்பெயரின் பொருள். அதுவே பின்னர் ஆறாம் நிஜாம் மகபூப் அலிகானின் பெயர் தாங்கி மகபூப் கல்லூரியாயிற்று. கல்லூரி என்று பெயர் இருப்பினும் அது பன்னெடுங்காலம் உயர்நிலைப் பள்ளியாகவே விளங்கியது. செகந்தராபாத் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இன்றும் அப்பள்ளி நிற்கிறது. இருப்புப்பாதை இவ்வூருக்கு வருவதற்குப் பன்னிரண்டாண்டு முன்னரே தோன்றிய பள்ளி அது. அதாவது, புகைவண்டி நிலையத்தருகே பள்ளி கட்டப்படவில்லை. பள்ளி இருந்த ஊருக்குப் புகைவண்டி வந்தது. ரயில்வேக்காரன் வாயால் இதைச் சொல்வது சிறிது கசப்பே!

1893-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் இம்மகபூப் கல்லூரியில்தான் மேல்நாட்டுக்குத் தாம் மேற்கொள்ளவிருந்த பணியைப் பற்றி ஆங்கிலத்தில் உரையாற்றினார். சிகாகோ மாநாட்டுக்கு ஏழு திங்கள் முன்னர் அது. அவரை ஐதராபாத்துக்கு வழியனுப்பியது மதராஸ் என்பதையும், அவர் திரும்பிச் சென்றதும் மதராசுக்கே என்பதையும் நாம் பெருமையுடன் நினைக்கலாம். நம்மவர் ஒருவர் தொடங்கிய பள்ளியிலே, ஆங்கிலம் அறிந்த பேரவை ஒன்று கூடியிருந்து அவ்வுரையைக் கேட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது. முப்பதாண்டுக் கல்வியின் விளைவு அப்பேரவையில் அமர்ந்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மேற்படிப்புக்கும் வழி திறந்தது. 1887-இல் தோன்றிய நிஜாம் கல்லூரி மதராஸ் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பெற்று 1947 வரை அவ்விணைப்பிலேயே இருந்தது. மதராஸ் தேர்வின் மதிப்பு தமிழரோடு நின்றதன்று. ஐதராபாத்திலேயே பிறந்த சரோஜினி நாயுடு அம்மையார் தம் பன்னிரண்டாம் வயதில் தேறியது மதராஸ் மெட்ரிகுலேஷனே. பின்னர் 1918-இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் தோன்றியது. இந்திய மொழி ஒன்றிலே மருத்துவம் முதலான உயர்கல்வி முழுவதையும் கற்பிக்கத் துணிந்த அம்முயற்சி போற்றுதற்குரியது; தமிழில் அதுபோல் செய்ய நமக்கு இன்றும் கைகூடவில்லை. ஆயினும் அங்கே பயிற்றுமொழி உருது. நம் பிள்ளைகட்கு அது எட்டாக்கனி. இதனால் ஏரியின் வடகரை நம்மவர்க்கு முன்னினும் நெருக்கமாயிற்று.

பெண்மக்கள் கல்வியைத் தனியே கூறுதல் வேண்டும்; ஏனெனில் குடியிருப்பின் எல்லையை வரைந்தவர் உண்மையில் அவர்களே என்பது என் கருத்து. பையன் மூன்று கல் நடந்து சென்று படிப்பான். பெண்ணை அவ்வாறு அனுப்ப அந்நாளில் எவரும் ஒப்பார். 1871-இல் புனித அன்னாள் கன்னியர் செகந்தராபாத்தில் தொடங்கிய பள்ளியும், 1930 முதல் 1933 வரை ரெசிடெண்டாக இருந்த கீஸ் என்பாரின் பெயர் தாங்கிய பெண்கள் உயர்நிலைப் பள்ளியும் எத்தனை தமிழ்க் குடும்பங்களைத் தம்மைச் சுற்றி இருத்திக்கொண்டன என்பதற்கு நம் சங்கத்து மூத்த அம்மையார்களே சான்று. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தெருவின் பெயரைச் சொல்லுமுன் பள்ளியின் பெயரைச் சொல்வார்கள்.

இனி, இருப்புப்பாதைக்கு வருவோம். மதராஸ் இருப்புப்பாதையும் பம்பாய்ப் பக்கத்துப் பாதையும் 1871-இல் ராய்ச்சூரில் கைகோத்தன. 1874-இல் வாடியிலிருந்து செகந்தராபாத்துக்குக் கிளை வந்தது. 1893-இல் லாலாகூடாவில் பணிமனை எழுந்தது. 1900-ஐ ஒட்டி மன்மாடு நோக்கி மீட்டர் பாதை போடப்பட்டது. இக்கடைசிப் பாதையைச் சிறிது நின்று நோக்குவோம். மல்காஜ்கிரி, சஃபில்குடா, அம்முகூடா, கேவல்ரி பாரக்ஸ், அல்வால், பொலாரம் எனச் செல்லும் இதன் முதற்பகுதி, பழைய பாளையங்களையெல்லாம் மணிபோல் கோத்துச் செல்கிறது. குதிரைப்படைக் கொட்டடியின் பெயரையே ஒரு நிலையம் இன்றும் தாங்கி நிற்பது காண்க. பட்டாளத்துக்காகத் தோன்றிய ஊர்கள் இப்பாதையால் நகரத்துக்கு அன்றாடம் வந்து போவோரின் ஊர்களாக மாறின. வீட்டு வாடகை அங்கே குறைவு. தோட்டம் போட இடமும் உண்டு. செகந்தராபாத்துப் பள்ளிக்கோ பத்துக் கல் தூரத்துக்கு உட்பட்ட பயணம். இன்று புறநகர் என்று சொல்கிறோமே, அதன் வித்து இதுவே. லாலாகூடாவில் ரயில்வே தன் பணியாளர் பிள்ளைகளுக்கென்று பள்ளியும் நடத்திற்று. நகருக்கு உள்ளேயே இருக்க விரும்பியோர் மாரெட்பள்ளியிலும், பத்மராவ் முதலியாரின் பெயர் தாங்கிய பத்மராவ் நகரிலும் வீடு கட்டினர்.

1951-இல் நிஜாமின் ரயில்வே மத்திய ரயில்வேயோடு சேர்ந்தது. 1966 அக்டோபர் 2-ஆம் நாள் செகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மத்திய ரயில்வே பிறந்தது. தென்னக ரயில்வேயிலிருந்து விஜயவாடா, ஹூப்ளி ஆகிய இரு கோட்டங்கள் பிரிந்து இதனோடு இணைந்தன. அக்கோட்டங்களில் பணியிலிருந்த தமிழர் பலர் பின்னாளில் இங்கு மாற்றலாகி வந்தனர். என் தந்தையாரும் விஜயவாடாவிலிருந்து அவ்வாறு வந்தவர். அவர் வீடு பார்த்த முறை விந்தையானது. வீட்டுக்காரரைப் பார்க்குமுன் தலைமையாசிரியரைப் பார்ப்பார். பின்னர் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல்வரை தாமே ஒருமுறை நடப்பார், அதுவும் மழைநாளில். "வெயிலில் எல்லாத் தெருவும் நல்ல தெருவே" என்பது அவர் வாதம். அவ்வாறு மூன்று வீடுகளை வேண்டாமென்று கழித்து நான்காவதைப் பிடித்தார். அதில் சமையலறை மிகச் சிறிது என்று என் தாயார் நெடுநாள் குறைப்பட்டதுண்டு.

நிற்க. பிற ஊர்த் தமிழர் என்ன செய்தனர் என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். பம்பாயில் மாதுங்காவில் குடியேறிய நம்மவர் 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகத்தை நிறுவினர். அக்கழகத்தின் பள்ளி இருந்தமையால் மாதுங்கா மேலும் தமிழூராயிற்று. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தார் நடத்தும் பள்ளிகள் இன்று ஏழு. அங்கே தமிழும் பாடமாக உள்ளது. நம் மதராசிலேயே 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்வண்டி ஓடத் தொடங்க, 1937-இல் கிறித்துவக் கல்லூரி தாம்பரத்துக்கே பெயர்ந்து சென்றது. லண்டன் மாநகரிலோ, ரயில் கம்பெனி ஒன்று 1915 முதல் தன் பாதையோரத்துச் சிற்றூர்களை "மெட்ரோலேண்ட்" என்னும் பெயரால் விளம்பரம் செய்து குடிகளை இழுத்தது. வண்டியும் வீடும் ஒன்றையொன்று தேடுவது எங்கும் உள்ள வழக்கமே.

செகந்தராபாத்துத் தமிழரோ மாதுங்காக்காரருக்கு எழுபதாண்டு முன்னரே பள்ளி கண்டவர். அதனை எல்லாச் சமூகத்தார்க்கும் பொதுவாகத் திறந்து வைத்தவர். அது பெருந்தன்மை. ஆனால் அதன்பின் வந்த நாம், பிறர் கட்டிய பள்ளிகளை நோக்கி வீடு மாற்றுவதிலேயே நிறைவு கொண்டோம். தில்லித் தமிழர்போல் தமிழ் கற்பிக்கும் பள்ளித் தொடர் ஒன்றை இங்கே நாம் எழுப்பவில்லை. எண்ணிக்கை குறைவு என்று காரணம் சொல்வர். 1862-இல் நம் எண்ணிக்கை இதனினும் மிகுதியாகவா இருந்தது?

1960-களிலும் 70-களிலும் வேறொரு முறை வந்தது. இராமச்சந்திராபுரத்தில் மிகுமின் தொழிற்சாலை, மௌலாலியை அடுத்து மின்னணுக் கழகம், அணு எரிபொருள் வளாகம் என மத்திய அரசின் தொழிற்சாலைகள் எழுந்தன. அவை வேலையையும் வீட்டையும் பள்ளியையும் ஒரே மதிலுக்குள் கொடுத்தன. தந்தைக்குக் கவலை இல்லை. ஓய்வுபெறும் நாள் வரும்வரை. 1998-இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டபின் வேலை மேற்கே சென்றது. பள்ளிகளும் பின்தொடர்ந்து மேற்கே சென்றன. 2003 ஆகஸ்டு 9-இல் எம்.எம்.டி.எஸ். வண்டி லிங்கம்பள்ளிக்கு ஓடியது. 2017 நவம்பர் 28-இல் மெட்ரோ மியாப்பூருக்கு ஓடியது. பழைய பள்ளிகள் கிழக்கே, புதிய வேலை மேற்கே. ஒவ்வொரு குடும்பத்திலும் யாரேனும் ஒருவர் இடைத்தூரத்தைச் சுமந்தாக வேண்டும். பிள்ளை சுமப்பதா, தந்தை சுமப்பதா, தாய் சுமப்பதா என்பதே இன்றைய வினாவின் உட்பொருள்.

என் வீட்டில் முதலில் பிள்ளை சுமக்கும்படி விட்டேன். மகளை நகரின் மேற்கே பெயர் பெற்ற ஒரு பள்ளியில் சேர்த்தேன். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பேருந்தில் கழிந்தது. இரவு உண்ணும்போதே உறங்கிவிடுவாள். ஓராண்டு பொறுத்து, பள்ளியருகே வீடு பெயர்ந்தோம். இப்போது தூரத்தை நான் சுமந்தேன்; அதற்கு நான் வருந்தவில்லை. ஆனால் என் தந்தையார் அங்கே வாய் திறந்து பேச ஆளின்றிப் போனார். நாற்பதாண்டாகக் காலையில் உடன் நடந்த நண்பர்கள், தமிழ்ப் பத்திரிகை போடும் பையன், வியாழக்கிழமைப் பஜனை ஆகிய யாவும் ஏரிக்கு இப்பால் நின்றுவிட்டன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாண்டில் மல்காஜ்கிரிக்குத் திரும்பினோம். மகள் இப்போது படிப்பது அவ்வளவு பெயர் பெறாத பள்ளி. வீட்டிலிருந்து பதினோரு நிமிட நடை. மழைநாளில் நடந்து பார்த்தேன்.

இன்று வீடு தேடுவோர் பெரும்பாலும் மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகளையே நாடுகின்றனர். மாற்றலாகும் அரசு ஊழியர்க்கெனத் தோன்றிய கேந்திரிய வித்யாலயங்கள் பிக்கெட்டிலும் திருமலகிரியிலும் உள்ளன. நாளை எந்த மாநிலத்துக்கு மாற்றலானாலும் படிப்பு செல்லுபடியாக வேண்டும் என்பதே காரணம். அன்று மதராஸ் மெட்ரிகுலேஷனை நாடிய தந்தையின் கணக்கும் இதுவே. நாணயம் மாறியது, கணக்கு மாறவில்லை. 2018-இல் தெலங்கானா அரசு எல்லா வாரியப் பள்ளிகளிலும் தெலுங்கைக் கட்டாயப் பாடமாக்கியது. அது நியாயமே, வாழும் நாட்டின் மொழியைப் பிள்ளை அறிதல் வேண்டும். செகந்தராபாத்தில் தெலுங்கு அறியாத தமிழ்ப் பிள்ளை எங்கேனும் உண்டா? அறியாதது தமிழ் எழுத்தைத்தான். ஆங்கிலம், தெலுங்கு, இந்தி என்னும் மூன்றுக்கும் அட்டவணையில் இடம் கண்டபின் தமிழுக்கு எஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே.

2023 ஏப்ரல் திங்களில் பொலாரம் வழியாக மேட்சல் வரை எம்.எம்.டி.எஸ். வண்டி நீட்டிக்கப்பட்டது. பழைய மீட்டர் பாதையின் வழியே இப்போது மின்வண்டி ஓடுகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அண்மையில் எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த இளைஞர் ஒருவர், வீடு பார்க்க அவ்வண்டியில் என்னையும் உடனழைத்துச் சென்றார். அல்வாலில் இறங்கினோம். அவர் துணைவியார் குழாயைத் திறந்து தண்ணீரைப் பார்த்தார். அவர் வாடகையைப் பேசினார். நான் அவர்களுடைய ஆறு வயதுச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசல்வரை நடந்தேன். வழியில் ஒரு பழைய வீட்டின் முகப்பில் காரை பெயர்ந்த எழுத்துகள் சில தென்பட்டன. சிறுமி நின்று, ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டி, "முதலியார் இல்லம்" என்று உரக்கப் படித்தாள். அவள் ஊரிலிருந்து வந்து அப்போது பதினெட்டு நாட்களே ஆகியிருந்தன.